பாதியாக வற்றிய கட்டி

கொம்பையாவின் கழுத்துக் கட்டி பாதியாக வற்றியிருந்தது. பார்த்ததும் டாக்டர் காவேரிக்கு எரிச்சல் மூண்டது. அவள் இன்னும் வைத்தியத்தையே தொடங்கவில்லை.

"காய்ச்சலும் விட்டுட்டு மேடம்," என்றான் அவன். தென்காசிப் பக்கத்து ஆள். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனி லைனில் நிற்கிறவன். அவனுடைய நிணநீர்ப் புற்றுநோய் எந்த மருந்துக்கும் மசியவில்லை.

"மாத்திரை எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"தொடவே இல்லியே. ஊசிதான போட்டேன். ஹாஸ்டல் பக்கத்து கிளினிக்ல போடுவாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல ஷிப்டுக்கு ஓடிரலாம். எங்க ரூம்ல எல்லாத்துக்கும் அதான்."

ஸ்டீராய்டு. காய்ச்சலையும் கட்டியையும் சில நாள் அமுக்கி வைக்கும். அவளுக்கு வேண்டிய வெள்ளணுக்களையும் சேர்த்து அடித்துப்போடும். அந்த அணுக்களை அவன் ரத்தத்திலிருந்து இன்று பிரித்தெடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, அவனுக்கே திரும்ப ஏற்றுவதாக ஏற்பாடு. காவேரியின் பதினோரு வருஷம் இந்த ஆராய்ச்சியில் போயிருந்தது. எலிகள் பிழைத்தன. முதல் நோயாளி அணுக்கள் தயாராவதற்குள் செத்துப்போனார். அடுத்தவருக்கு அணுக்கள் வளரவே இல்லை. ஒரகடத்தில் கார் சீட் கம்பெனிக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே இருந்த அவள் லேபுக்கு வருகிறவர்கள், இங்கே என்ன பார்ட்ஸ் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

"மிஷின் ரெடி மேடம்," என்றான் டெக்னீஷியன் ஸ்ரீதர். "வந்த ஆள இன்னாத்துக்குத் திருப்பி அனுப்பிக்கினு? எடுத்துடலாம். வளந்தா வளரட்டும்."

"வளராது. மறுபடி எடுக்க இவர் உடம்புல தெம்பும் இருக்காது." கொம்பையாவிடம் திரும்பினாள். "பத்து நாள் ஊசி கூடாது. காய்ச்சல் வரும், கட்டியும் வரும். எனக்குப் போன் பண்ணிட்டுப் படுத்துக்கிடங்க."

"படுத்துக்கிடந்தா சோறு யாரு போடுவா? இன்னைக்கு லீவுக்கே சூப்பர்வைசர் கால்ல விழாத குறை."

"அவர் நம்பரைப் போடுங்க."

போட்டுக் கொடுத்தான். சூப்பர்வைசர் வசந்தகுமார் பொறுமையாகத்தான் பேசினார். "லைன் நிக்கக்கூடாது மேடம். பத்து நாள்னா வேற ஆள போட்டுடுவேன்."

"போட்டுக்குங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கொம்பையா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "என் வேலைய நீங்க எப்படி விடலாம்?"

"வேலைக்குப் போனா மறுபடி ஊசி போட்டுக்குவீங்க."

"சரி, போடல. அப்பவும் உங்க அணு வளரலன்னா?"

பக்கத்து ஷெட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கக் காவேரிக்கு வாய் வரவில்லை. ஸ்ரீதர் மெஷினிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கொம்பையா படுக்கையை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டினான்.

"பத்து நாள் கழிச்சு வருவீங்களா?"

"வேற எங்க போவ," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.