கொள்கைக்கு வளர்த்த முடி

கதிரவன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடத்தில் முடி வளர்க்க ஆரம்பித்தான். காரணம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டர். ரிசல்ட் பார்க்கப் போனவன், பார்த்த ரிசல்ட்டை மறக்க வேறு எதையோ தேடப்போய் ஹிப்பிகளிடம் மாட்டிக்கொண்டான். அறுபதுகளில் வீட்டை உதறிவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரப் பிள்ளைகள். இடுப்பு வரைக்கும் முடி, பூப்போட்ட சட்டை, கையில் கிடார். சண்டை வேண்டாம், அன்பு போதும் என்று சொல்லிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து நாள் கணக்கில் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். கதிரவனுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முக்கியமாக, அந்தப் படங்களில் இருந்த ஒருவருக்கும் அரியர் இருப்பதாகத் தெரியவில்லை.

கடலூர் பழைய நகரத்துச் சார்லஸ் அவன் வகுப்புத் தோழன். சர்ச்சில் கிடார் வாசிப்பவன். இருவரும் சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். சார்லஸ் வாசிப்பது, கதிரவன் பாடுவது, மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாவை வரைவதும் கதிரவனே. 'சுரபுன்னை' என்று பிச்சாவரத்து உப்பங்கழி மரத்தின் பெயரை வைத்தார்கள். பாட்டு ஒன்றுகூட இல்லை. பெயர் இருந்தது, முடி இருந்தது.

அந்த முடியில்தான் சிக்கல். அமெரிக்காவில் முடி வளர்த்தால் புரட்சி. புவனகிரியில் முடி வளர்த்தால் வேண்டுதல். கதிரவன் தெருவில் இறங்கினால் போதும், "எந்தக் கோயிலுக்குப்பா?" என்பார்கள். டீக்கடையில், "திருப்பதியா, நம்ம திருவந்திபுரமா?" என்று பந்தயமே நடந்தது. எதிர்வீட்டுச் செல்லாயி ஒருபடி மேலே போய், அவன் அம்மாவிடம், "பையன் பாஸாவணும்னு அவனே வேண்டிக்கிட்டானா? நல்ல புள்ளடி" என்று சொல்லிவிட்டாள்.

அவன் அம்மா இருசம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையல்காரி. மகன் இவ்வளவு பக்தியாக இருப்பதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. அவன் மட்டும் வேண்டிக்கொண்டால் போதுமா? அன்றைக்குச் சாயந்திரமே சூடம் ஏற்றி, "பெருமாளே, எல்லா அரியரும் போயி எம்புள்ள பாஸாவட்டும். திருவந்திபுரத்துக்கு வந்து மொட்ட போட்டுடறோம்" என்று தன் பங்குக்கும் சொல்லி வைத்தாள். இதைப் பற்றி மகனுக்கு ஒன்றும் தெரியாது.

அவனுக்கு வேறு கவலை இருந்தது. பாட்டு வரவில்லை. யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது: அந்தப் பாடகர்கள் எல்லாம் கஞ்சா அடித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அவனோ அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"வேணாம் மச்சான். எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா கிடாரப் புடுங்கிருவாரு" என்றான் சார்லஸ்.

"ஒரே ஒரு தடவடா. கலைக்காக."

கலைக்காக என்றதும் சார்லஸ் மடங்கிவிட்டான். யாரிடமோ கேட்டு, யாரோ ஒருவன் கொடுத்த சின்னப் பொட்டலத்தோடு பிச்சாவரம் போய் ஒரு துடுப்புப் படகை வாடகைக்குப் பிடித்தார்கள். படகுக்காரர் சடையப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே கால்வாய்களுக்குள் கொண்டுபோனார். மரங்கள் தலைக்குமேல் கூடி, வெயில் பச்சையாக மாறிய இடம் வந்ததும் கதிரவன் கஞ்சா பீடியைப் பற்றவைத்தான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் அது ஒரு புரட்சியாக இருந்திருக்கும்.

சடையப்பன் முகர்ந்து பார்த்தார். "அந்தப் பொகைய கொஞ்சம் இந்தப் பக்கமும் உடு தம்பி. கொசு ஜாஸ்தியா இருக்குது."

சார்லஸுக்கு இருமல்தான் வந்தது. கதிரவன் மல்லாந்து படுத்து, நிறங்கள் வரும், ராகம் வரும் என்று காத்திருந்தான். வந்தது பயம். தண்ணீருக்குள் இறங்கி நின்ற வேர்களெல்லாம் விரல்களாக மாறின. ஒவ்வொரு விரலிலும் ஒரு பரீட்சைத் தாள். எல்லாவற்றிலும் அவனுடைய பதிவு எண், பக்கத்தில் சிவப்பில் ஒரு கோழிமுட்டை. ஒரு நண்டு வேர்மேல் ஏறி நின்று, இரண்டு கொடுக்கையும் தூக்கி, மேத்ஸ் வாத்தியார் மாதிரியே அவனைப் பார்த்தது.

"நான் படிச்சிடறேன் சார்" என்று கதிரவன் நண்டிடம் சொன்னான். பிறகு படகு விளிம்பில் குனிந்து காலையில் தின்ற இட்லியை எல்லாம் வாந்தியெடுத்தான்.

"மொத தடவையா?" என்றார் சடையப்பன், துடுப்பை நிறுத்தாமல். "அழுவாத. கரைக்குப் போனா மோரு வாங்கிக் குடி."

அன்றோடு கஞ்சா முடிந்தது. கலைக்காகக்கூட வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் நண்டு வந்தது. அதன் பார்வைக்குப் பயந்து புத்தகத்தைத் திறந்தான். படித்துச் சலித்த நேரத்தில் படுதாவில் அந்த வேர்களை வரைந்தான். ஊதாவும் ஆரஞ்சுமாகப் பின்னிக் கிடக்கிற விரல்கள், தாள்கள், நடுவில் சிவப்பு நண்டு. பாட்டும் வந்தது. நண்டிடம் மன்னிப்புக் கேட்கிற பாட்டு. 2008 மே மாதம் ரிசல்ட்டும் வந்தது. எல்லா அரியரும் போயிருந்தன.

இருசம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைலயே கெளம்பிடலாம். திருவந்திபுரம். மொட்டைக்கு" என்றாள்.

"யாருக்கு மொட்ட?"

"உனக்குத்தான். அதுக்குத்தான வளத்த?"

கதிரவன் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் கோடை விழா. ஒரு இளைஞர் மன்றம் நடத்துகிறது. சுரபுன்னையின் முதல் கச்சேரி. இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

"அம்மா, இது வேண்டுதல் முடியில்ல. கொள்கை."

"கொள்கைன்னா?"

"சுதந்திரம்மா. யாருக்கும் கட்டுப்படாம இருக்கறது."

பேரூராட்சி தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா ஆண்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கொள்கைல பேன் இருக்குதான்னு பாரு மொதல்ல" என்றார்.

"நான் சாமிகிட்ட சொல்லிட்டேண்டா" என்றாள் இருசம்மாள்.

"என்னைக் கேட்டா சொன்ன? சொன்னது நீதான, நீயே போய்ப் பதில் சொல்லு" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, கடலூரில் சார்லஸ் வீட்டில் போய் இறங்கினான். வாசல் வரைக்கும் வந்த இருசம்மாள் அவனைத் தடுக்கவில்லை. அதையே தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம். ஒத்திகைக்கு நடுவே இருவரும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். திருவந்திபுரம் டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் ஒரு பெண். மழமழவென்று மொட்டை, அதில் மஞ்சளாகச் சந்தனம், கையில் ஒரு ஒயர்கூடை. வெயிலில் அந்தத் தலை மினுங்கியது.

"மச்சான், அந்தம்மாவப் பாரேன். என்னா கெத்து" என்றான் சார்லஸ்.

கதிரவன் பார்த்தான். ஒயர்கூடைதான் முதலில் தெரிந்தது. அது அவன் வீட்டுக் கூடை.

அம்மாவுக்கு முட்டியைத் தொடும் முடி. தெருவில் அதற்கு ஒரு பேர் உண்டு. சத்துணவுக் கூடத்தில் புகை ஒட்டுமென்று துண்டு சுற்றிப் பாதுகாத்த முடி. கதிரவன் டீ கிளாஸைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அவளிடம் ஓடினான். அவனைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். முகம் மட்டும் சின்னதாகி, பள்ளிக்கூடத்துப் பெண் போல இருந்தாள்.

"என்னாடா முழிக்கிற? நீதான சொன்ன, நீயே போய்ப் பதில் சொல்லுன்னு."

"அம்மா..." என்றான். பஸ் ஸ்டாண்டு நடுவில், நீண்ட முடியோடு ஒரு வாலிபன் மொட்டை அம்மாவின் தோளில் சாய்ந்து விசும்புவதைக் கண்டக்டர்கள் விசிலை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். "இதே பஸ்ல ஏறி இப்பவே போறேம்மா. நானும் போட்டுக்கறேன்."

"எதுக்கு? சாமி கேட்டது ஒரு மொட்ட. குடுத்தாச்சு. நீ பாட்டுக்கு ரெண்டாவது மொட்டயப் போட்டு அவுரக் கொழப்பாத." கூடையிலிருந்து பிரசாதத்தை எடுத்து இருவர் கையிலும் வைத்தாள். பிறகு உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஏதோ ரகசியம் போலச் சொன்னாள்: "காத்து நேரா உள்ள எறங்குதுடா. இத்தன வருசமா இது தெரியாம இருந்துட்டேன்."

கச்சேரிக்கு அவள் வந்தாள். முதல் வரிசையில் ஆண்டிக்குப் பக்கத்தில், சந்தனம் கழுவிய மொட்டையோடு, பச்சைப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அலைச் சத்தத்துக்கு மேலே கதிரவன் நண்டுப் பாட்டைப் பாடினான். பாதிக் கூட்டம் சுண்டல்காரனைத் தேடிப் போயிற்று. மீதிப் பாதி, குழந்தைகள், நண்டு வருகிற இடத்திலெல்லாம் கைதட்டினார்கள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அம்மாவைப் பார்க்காமல் பாட வேண்டும் என்று நினைத்திருந்தான், முடியவில்லை.

கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். நரைத்த முடியைப் பின்னால் முடிந்து, கழுத்தில் மணிமாலை, பூப்போட்ட சட்டை. மேடையிலிருந்தே கதிரவன் கண்டுகொண்டான்: அசல் ஹிப்பி! பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து முன்னால் வருவதைப் பார்த்து முடியை ஒதுக்கிவிட்டுத் தயாராக நின்றான். அவர் படுதாவை ஒரு நிமிடம் பார்த்தார், தலையாட்டினார், அவனைத் தாண்டிக்கொண்டு நேரே இருசம்மாளிடம் போய்க் கைகூப்பினார்.

சார்லஸ் மொழிபெயர்த்தான். "ஏன் முடியத் துறந்தீங்கன்னு கேக்கறாரும்மா. அவரு சின்ன வயசுல வீட்டோட சண்ட போட்டு முடி வளத்தாராம். உங்களப் பாத்தா மனசு என்னவோ பண்ணுதாம்."

இருசம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வீட்டோட சண்ட போட்டாரா? அப்பறம் அவுங்க அம்மாவப் போயிப் பாத்தாரா இல்லியா, அதக் கேளு."

சார்லஸ் கேட்டான். கிழவர் கழுத்து மணிமாலையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தேன், ஆனால் ரொம்ப லேட்டாக, என்றார். இருசம்மாள் ஒயர்கூடையைத் திறந்து புளிசாதப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் மணலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கதிரவனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்க ஆயிரம் கேள்வி வைத்திருந்தான். அவருக்குக் காரம் ஏறித் தும்மல் வந்தபோது தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அவர்கள் சொல்வதற்கு முன்பே கதிரவன் முடியை வெட்டிக்கொண்டான். யாரும் எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. லீவு நாட்களில் மட்டும் சுரபுன்னை பாடியது.

இருசம்மாள்தான் மாறிப்போனாள். முடி காதளவு வளர்ந்ததும் கத்தரிக்கோலை ஆண்டியிடம் நீட்டினாள். ஈரம் காய வைக்க வேண்டாம், புகை ஒட்டாது, தலைவலி இல்லை. செல்லாயி விடவில்லை. "இன்னும் எந்தக் கோயிலு பாக்கிடி?" என்று கேட்டாள்.

"ஒரு கோயிலும் இல்ல. எனக்குப் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, இருசம்மாள் கழுத்தில் காற்றுப்பட வேலைக்கு நடந்தாள்.