ராட்டினத்தை நிறுத்திய கட்டளை

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "பகல்ல எடை மிஷின் கம்பெனி, சாயந்திரம் வீட்டுல பராமரிப்பு" என்று மாமியார் சொல்லிவைத்திருந்தார். அதன் பலனாக மாடி வீட்டுக்காரர் ஒருநாள் ஒழுகுகிற குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

அவள் பராமரித்தது குழாயை அல்ல, ஒரு கட்டளையை. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் 'யார்நீ' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அந்தப் பெட்டி தன் ஜாதகத்தைத் தானே ஒப்பிக்கும். என்னைச் செய்தவர் இன்னார், என் வரிசை எண் இது, மெமரி செருக இத்தனை இடம், அதில் இத்தனை காலி என்று. மதர்போர்டைச் செய்கிறவர்கள் இதையெல்லாம் ஒரு அட்டவணையாக உள்ளேயே எழுதிவைத்திருப்பார்கள். வைத்திருக்க வேண்டும். பாதிப் பேர் எல்லாக் கட்டத்திலும் 'பிறகு நிரப்பவும்' என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். பேட்டரியே இல்லாத பெட்டி, தனக்கு நாலு பேட்டரி என்று பீற்றிக்கொள்ளும். யார்நீ எதிர்த்துப் பேசாது. "போர்டு சொல்றதை நாம சொல்றோம். நிஜமா பொய்யான்னு பாக்குறது நம்ம வேலை இல்ல" என்பது அவள் கொள்கை. கணவரின் உறவுக்காரர்கள் விஷயத்திலும் இதே கொள்கைதான். குடும்பம் நன்றாகவே ஓடியது.

தெருவில் அவளுக்கு யார்நீக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சம்பளமில்லை, விடுமுறையில்லை, நன்றி சொல்லி வந்த கடிதங்களை ஒரு தீப்பெட்டிக்குள் மடித்து வைக்கலாம். ஆனாலும் கம்ப்யூட்டர்களை ஓட்டும் ஒரு பெரிய இயங்குதளத்தோடு யார்நீயும் இலவச இணைப்பாக உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஆள் ஒருவர் தன் கட்டளையைத் தட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தால், பாத்திரம் கழுவும்போதுகூட அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்புக்குத்தான் ஆபத்து வந்தது.

போன வருஷம் ஒரு புகார் வந்திருந்தது. 'உங்கள் யார்நீயை ஓட்டினால் என் ராட்டினம் நின்றுவிடுகிறது.' யாரோ வேலைவெட்டி இல்லாத ஆசாமி என்று நினைத்து, 'கூடுதல் விவரம் தேவை' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு மறந்துபோனாள். பிறகு அதே வகை போர்டு வைத்திருந்த இன்னும் இரண்டு பேர், பெட்டி உறைந்துபோகிறது என்று எழுதினார்கள். இந்த வாரம் இயங்குதளத் தொகுப்பாளரே எழுதிவிட்டார். 'ஞாயிறு மாலைக்குள் சரிசெய்து, அதே போர்டில் ஓட்டிப் பார்த்ததாக உறுதி சொல்லுங்கள். இல்லாவிட்டால் வருத்தத்துடன் யார்நீயை எடுத்துவிடுகிறோம்.'

அந்த போர்டு சந்தையிலிருந்து மறைந்து வெகுகாலமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ராட்டின ஆசாமிக்கு ஆயிரம் மன்னிப்போடு ஒரு கடிதம் எழுதினாள், எந்தக் கண்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டு. உடனே பதில் வந்தது. 'பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், விளையாட்டுப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை வாங்க, கூட்டம் குறைவு.'

ஒரே ஊர்! அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அந்த ராட்டினத்தின் தலை தெரியும்.

ஞாயிறு மத்தியானம் டிரைவிங் ஸ்கூல் கார் புறப்பட்டது. கணவர் அங்கே மாஸ்டர். இருபது வருஷம் கற்றுக்கொடுத்ததில், எந்த வண்டியில் எங்கே உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தானாகக் காற்றில் பிரேக் போடும். லிஃப்டில்கூட. மாமியார் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். "நானும் வரேன். இத்தனை வருஷமா நீ என்னத்தைத்தான் பராமரிக்கிறேன்னு இன்னிக்காச்சும் பாத்துடறேன்."

ராட்டினக்காரர் மெலிந்த மனிதர். ராட்டினத்தடியில் ஒரு தகரக் கூண்டுக்குள் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தார். காலடியில் தூசி படிந்த கம்ப்யூட்டர் பெட்டி, பக்கத்தில் ஒரு மைக்.

"நீங்கதானா 'கூடுதல் விவரம் தேவை'?" என்றார்.

"நான்தான். மன்னிச்சுக்குங்க. யாரோ கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சுட்டேன்."

"ராட்டினம் சுத்துறவனுக்குக் கிண்டல் பண்ண நேரம் ஏதுங்க? மெமரி கூட்டலாம்னு, எத்தனை இடம் காலின்னு பாத்தேன். அவ்வளவுதான், மொத்தமா நின்னுடுச்சு. மேல இருபது பேர்."

அவர் விளக்கினார். விளக்கு, பாட்டு, சுற்றுக் கணக்கு எல்லாம் அந்தப் பெட்டியின் பொறுப்பு. அத்தோடு நொடிக்கு ஒரு தடவை பிரேக்குக்கு 'உயிரோடுதான் இருக்கேன்' என்று அது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வது நின்றால் பிரேக் தானே இறங்கிவிடும். ஆபத்தில்லை. ஆனால் பெட்டி மறுபடி கண் விழிக்கும்வரை மேலே இருப்பவர்கள் மேலேதான்.

"அடுத்த ரவுண்டு முடியட்டும், எல்லாரையும் இறக்கிட்டுத் தர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. உங்க வீட்டுக்காரங்க வேணா சும்மா ஒரு சுத்து சுத்தி வரட்டும்."

மாமியார் அதற்குள் வரிசையில் நின்றிருந்தார். மகன் இழுபட்டுக்கொண்டே பின்னால் போனார். ராட்டினக்காரர் அவர்களை ஏற்றிச் சுற்றவிட்டு, டிக்கெட் கிழிக்க வாசலுக்குப் போனார்.

யார்நீக்காரி தொடவேண்டாம் என்றுதான் இருந்தாள். விசைப்பலகை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று மட்டும் பார்த்துவைத்தால் என்ன? பதிப்பு எண்ணைக் கேட்பதால் எந்தப் பெட்டியும் செத்ததில்லை. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கடைசியாகத் தட்டியது எப்போதும் பதிப்பு எண்தான். ஆகவே விரல்கள் பழக்க தோஷத்தில் மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தின. கடைசியாகத் தட்டிய கட்டளை திரையில் வந்து நின்றது. படித்துப் பார்க்காமலே என்டர் தட்டினாள்.

அது அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் அல்ல. இங்கே கடைசியாகத் தட்டியவர் ராட்டினக்காரர். தட்டியது முழு யார்நீ.

பாட்டு நின்றது. விளக்கு அப்படியே உறைந்தது. பெருமூச்சு விட்டாற்போல் ஒரு சத்தத்தோடு பிரேக் இறங்கி, ராட்டினம் நின்றது. தெய்வாதீனமாக என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் உச்சியில் நின்ற தொட்டிலில் இருந்தது அவள் மாமியார்.

"மேடம்!" என்று ராட்டினக்காரர் ஓடி வந்தார்.

போன் அடித்தது.

"ஏம்மா, நின்னுடுச்சு," என்றார் மாமியார்.

யார்நீக்காரியின் கண்கள் திரையைவிட்டு நகரவில்லை. பெட்டி சாவதற்கு முன் எழுதிய கடைசி வரி அதில் இருந்தது. 'அட்டவணையில் உள்ள பதிவுகள்: 65535.' நாலு மெமரி செருகக்கூட இடமில்லாத பெட்டி, தன் வீட்டில் அறுபத்தைந்தாயிரம் அறை இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அவளுடைய யார்நீயும், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அறை அறையாகப் படித்துக்கொண்டே போய், வீட்டுச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, அங்கே பிரேக்குக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த கார்டை உலுக்கி, மொத்தப் பெட்டியையும் உறையவைத்திருக்கிறது.

"கிடைச்சுடுச்சு அத்தை!" என்று கத்திக் குதித்தாள். தலை தகரத்தில் இடித்தது.

"என்னம்மா கிடைச்சுது?"

"தப்பு! தப்பு கிடைச்சுடுச்சு!"

"நாங்க இறங்கின அப்புறம் தேடியிருக்கக் கூடாதா?"

போனில் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "நான் பிரேக் போடலம்மா. சத்தியமா நான் போடல."

ராட்டினக்காரர் பெட்டியை அணைத்துப் போட்டார். அது முனகிக்கொண்டே தன் பழைய ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. இந்த இடைவெளியில் யார்நீக்காரி கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை விரித்துத் திருத்தினாள். நீண்ட காலக் கொள்கையில் ஒரு சின்ன ஓட்டை. போர்டு என்ன சொன்னாலும் சொல்லு, ஆனால் எத்தனை அறை என்று அது சொல்வதை மட்டும் நம்பாதே. 'முடிந்தது' என்ற குறி கண்ணில் பட்டதும் வெளியே வந்துவிடு. நாலு வரி. எழுதி முடித்தபோது உள்ளே ஒரு துள்ளல். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் வாசலை நோக்கி ஓடுவோமே, அந்தத் துள்ளல்.

பெட்டி கண் விழித்ததும் ராட்டினம் சுற்றி எல்லாரையும் இறக்கியது. மாமியார் கன்னம் சிவக்க இறங்கினார். "மேல என்ன காத்து! நம்ம மொட்டைமாடி தெரியுது, காயப்போட்ட துணி தெரியுது." மாஸ்டர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசை இந்த பென் டிரைவ்ல வெச்சிருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்," என்றாள்.

"போதும்மா!" என்று ராட்டினக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாயந்திரத்துக்குள்ள ஓட்டிப் பாத்தேன்னு சொல்லலன்னா யார்நீயை எடுத்துடுவாங்கண்ணா. அப்புறம் அது எங்க வீட்டுல மட்டும்தான் இருக்கும்."

அந்த 'அண்ணா' அவரைக் கொஞ்சம் அசைத்தது. தாடையைத் தடவினார். "சரி. ஆனா ஒண்ணு. மாமியார் மேல தொங்குறாங்க, நீங்க கீழ குதிக்கிறீங்க. நல்லாவா இருக்கு? இந்தத் தடவை நீங்க மேல. வீட்டுக்காரர் கீழ இருந்து தட்டட்டும்."

யார்நீக்காரி அண்ணாந்து பார்த்தாள். நாற்காலிமேல் ஏறிப் பரணில் பெட்டி எடுக்கச் சொன்னாலே கால் உதறுகிற ஜென்மம் அவள்.

"உன் எழுத்துமேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று மாமியார் அவள் கையைப் பிடித்தார். "வா, நானும் வரேன். எனக்கு இன்னொரு சுத்து."

ஏற்றிவிட்டார்கள். தரை நழுவியது. மரங்களின் தலை கீழே போனது. யார்நீக்காரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாமியாரின் முழங்கையைக் கம்பியென்று நினைத்துப் பிடித்தாள்.

பாட்டுக்கு நடுவே மைக் கரகரத்தது. பூங்கா முழுக்க மாஸ்டரின் குரல்: "ஏம்மா... அந்த 'ஒய்' எங்க இருக்கு?"

"மேல் வரிசை! நடுவுல!" என்று கண்ணைத் திறக்காமலே கத்தினாள்.

"ஆங், இருக்கு. பதட்டப்படாதே. முன்னாடி பாரு." ஒவ்வொரு விசையாகத் தட்டும் சத்தம். "எல்லாம் தட்டிட்டேன். இப்போ என்டர். போடவா?"

கீழே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போடு சார்!" என்று யாரோ கத்தினார்கள்.

"போட்டுட்டேன்."

 பிரேக்கின் பெருமூச்சுக்காக யார்நீக்காரியின் காது காத்திருந்தது. பாட்டு ஓடியது. காற்று முகத்தில் அடித்தது. தொட்டில் உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறங்க ஆரம்பித்தது.

"வருது, வருது! படிக்கறேன்," என்றது மைக். "தயாரிப்பு தேதி, பிப்ரவரி முப்பத்தொண்ணு. வரிசை எண், ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. பெட்டியின் வடிவம்... சாப்பாட்டு டப்பா! ஏம்மா, சாப்பாட்டு டப்பான்னு போட்டிருக்கு, சரியா?"

"சரிங்க!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "அப்படித்தான் சொல்லும்! படிங்க!"

"முடிஞ்சுதாம்."

பூங்காவில் கைதட்டல். எதற்கென்று தட்டியவர்களுக்குத் தெரியாது. ராட்டினக்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். அவள் கண்ணைத் திறந்து, போனை எடுத்து, எழுதிவைத்திருந்த கடிதத்தில் ஒரு வரி சேர்த்தாள். 'உண்மையான போர்டில், உண்மையான ஆட்களோடு ஓட்டிப் பார்த்தாயிற்று.' தொட்டிலின் ஆட்டத்தில் கட்டைவிரல் மூன்று தடவை தவறி, நாலாவதில் அனுப்பினாள். ராட்டினம் மறுபடி அவளை மேலே தூக்கிக்கொண்டு போனபோது பதில் வந்திருந்தது: 'நன்றி. யார்நீ இருக்கும். உண்மையான ஆட்கள் என்றால் என்ன?'

"என்னம்மா ஆச்சு?" என்றார் மாமியார்.

"நின்னுருக்கணும் அத்தை. நிக்கல."

மாமியாருக்குப் புரிய ஒரு கால் சுற்று ஆயிற்று. புரிந்ததும் பக்கத்துத் தொட்டில்காரர்களை நோக்கி எட்டிப் பார்த்தார். தொட்டில் ஆடியது. மருமகள் அலறினாள்.

"இது என் மருமக எழுதினதும்மா!"

"எது, ராட்டினமா?" என்றாள் பக்கத்துத் தொட்டில் பெண்.

"ராட்டினம் யார் வேணா பண்ணலாம். அது நிக்காம இருக்குதே, அது!"