ஏழில் வைத்த டிஸ்க்

எழுந்தேன். முகம் மழித்தேன். டீ வைத்தேன். கீழே போய் எள் தூவிய வளைய ரொட்டி, ஒரு கெவ்ரெக், வாங்கி வந்து, பாலாடைக்கட்டியோடு நின்றபடியே தின்றேன். சிந்திய எள்ளைத் துடைத்தேன். பிறகு நெர்மினின் பழைய அமிகா கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தேன்.

என் மனைவி அதில்தான் இசை அமைப்பாள். என் அப்பா இறந்த குளிர்காலத்தில், உனக்காக ஒன்று போடுகிறேன் என்றாள். வசந்தத்தில், டிஸ்க் போய்விட்டது, எல்லாம் அழிந்தது என்றாள். இலையுதிர்காலத்தில் அவளே போய்ச் சேர்ந்தாள். எனக்கு அந்த இசையைக் கேட்க வேண்டும். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் தனிப் பெட்டி. தடித்த கேபிளால் கம்ப்யூட்டரோடு சேரும். ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே சுழலும் சத்தம் கேட்டது. திரையில் மட்டும் டிஸ்க் வரவில்லை. கேபிளை மாற்றினேன். முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். வரவில்லை.

குர்ஷாத்தை அழைத்தேன். கர்ஷியாகாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரும் நெர்மினும் ஒரே அமிகா சங்கம். ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு வந்தார்.

“சுத்துதா?”

“சுத்துது அண்ணே.”

“அப்ப உசிரு இருக்கு. பின்னாடி நம்பர் எதுல நிக்குது பாரு.”

பெட்டியின் பின்புறம், நகத்தால் தள்ளி மாற்றும் சின்ன எண்.

“ஏழு.”

அவர் விதை கடிப்பதை நிறுத்தினார்.

“ஏழு கம்ப்யூட்டரோட சொந்த நம்பர்டா. டிஸ்க்குக்கும் அதையே வச்சா கண்ணுலயே படாது. புதுசா வர்றவன்தான் இப்படிப் பண்ணுவான்.”

“நெர்மின் தெரியாம வச்சிருப்பாளா?”

“அவளா? ஏழுல வச்சவனை எல்லாம் ‘ஏழாம் நம்பர் கழுதை’ன்னே கூப்பிடுவா.”

எண்ணை மூன்றுக்குத் தள்ளி, மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் வந்தது.

“தம்பி, இன்னொரு நாள் பாத்துக்கலாமே. டீ ஊத்து.”

என் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. ஓடவிட்டேன். தாளம் நன்றாக இருந்தது. அதன்மேல் ஒருவன் விக்கினான். மூச்சை இழுத்தான். மறுபடி விக்கினான். வெட்டி, சுருதி ஏற்றி, திரும்பத் திரும்ப வரும்படி கோத்திருந்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதது அது. வெளியே அவள் நின்றது எனக்குத் தெரியும். பதிவு செய்தது தெரியாது.

“நீங்க இதைக் கேட்டிருக்கீங்க.”

“அங்காராவுல போட்டிக்குக் கொடுத்தா. ரெண்டாம் பரிசு. நீ சரின்னு சொன்னதாச் சொன்னா.”

“எப்போ?”

“ஏப்ரல்ல.”

டிஸ்க் போய்விட்டது என்று சொன்னதும் ஏப்ரலில்தான்.

“எல்லாரும் கேட்டாங்களா?”

“எந்திரிச்சு நின்னு கைதட்டினோம்டா. எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் விதைப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனார்.

என் பெயரைச் சொல்லித்தான் கண்மூடினாள் என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுத்ததில்லை. அப்போது அறையில் இருந்தது நான் மட்டும். அவள் சொன்னது இது:

“அமிகாவை குர்ஷாத் அண்ணனுக்குக் கொடுத்துடு. உனக்கு அதுல ஒண்ணும் இல்ல.”