இரண்டு மசோதாவிலும் அக்கா

1

இந்தக் கதை ஒரு பந்தயத்தில் பிறந்தது. எங்கள் தொகுதி உறுப்பினர் நாடாளுமன்றத்துக்குப் போய்த் தூங்கத்தான் செய்கிறார் என்றான் என் மச்சான். நான் இல்லை என்றேன். தெரிந்து சொல்லவில்லை; மச்சான் எதைச் சொன்னாலும் மறுப்பது என் வழக்கம். ஆதாரம் தேடி நாடாளுமன்ற இணையதளத்தைத் திறந்தேன். அந்த அம்மாளின் பெயருக்குக் கீழே இரண்டு பகுதிகள். 'கொண்டுவந்த மசோதாக்கள்' என்ற பகுதியில் ஒன்றே ஒன்று. 'உடன் கையெழுத்திட்டவை' என்ற பகுதியோ விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தேனீ வளர்ப்பு, நடைபாதை அகலம், பழைய பாலங்கள், பொம்மைக்குப் பூசும் சாயம்.

நான் பேரம் பேசியே வயிறு வளர்த்த வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். ஊரார் சரக்குக்கெல்லாம் ஜாமீன் நின்றுவிட்டுத் தன் கடையில் ஒரே ஒரு பொருளை வைத்திருப்பவரை எங்கள் வீட்டில் 'ரொம்ப நல்லவர்' என்பார்கள். அது பாராட்டு இல்லை.

அத்தனை நீளப் பட்டியலில் ஒரே ஒரு மசோதாவுக்கு எதிரே மட்டும் 'கையெழுத்து விலக்கிக்கொள்ளப்பட்டது' என்று இருந்தது. பந்தயம் மறந்துபோயிற்று. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர் ஒருவரிடம் மட்டும் ஏன் திரும்பக் கேட்டார்? பட்டியல் சொல்லாது.

(இனி வருவது என் சொந்தச் சரக்கு. உத்தரவாதம் கிடையாது.)

2

முதல் தொடக்கம்: 'மக்களாட்சியின் மாண்பு என்பது' – போதும். இதை வைத்துக் கொட்டாவிதான் விடலாம்.

இரண்டாம் தொடக்கம்: 'அவையின் மணி ஒலித்தபோது அக்காவின் நெஞ்சு' – கதையில் மணி ஒலித்தால் யாராவது சாக வேண்டியிருக்கும். இவர்களைக் கொல்ல எனக்கு மனமில்லை.

மூன்றாவது: அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள்கூட. கையில் தாளோடு யார் வந்து நின்றாலும் அவர் முதலில் எடுப்பது பேனாவை; மூக்குக் கண்ணாடியை அப்புறம்தான். "நம்பித்தானே வந்திருக்காங்க, சும்மா அனுப்ப முடியுமா" என்பார்.

அவருடைய ஒரே மசோதா சின்னது. மருத்துவமனையில் படுத்திருக்கும் யாருக்கும் பக்கத்தில் எந்நேரமும் துணைக்கு ஒருவர் இருக்கலாம். அவர் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நேரமாகிவிட்டது என்று அக்காவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கைக்கு எட்டாத தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தபடியே மனிதர் மறுநாள்வரை கிடந்தார். பிழைத்து வந்ததிலிருந்து, "ஒரு மடக்குத் தண்ணிக்குச் சட்டமே கொண்டுவர்ற பொண்டாட்டி எவனுக்கு வாய்க்கும்?" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறார்.

3

வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடந்த அந்த மசோதாவை ஒருவழியாக நாடாளுமன்றக் குழு எடுத்துக்கொள்ள இருந்தது. செய்தி சொல்ல வந்த செயலக அதிகாரி உட்காரவே இல்லை.

"அடுத்த வாரம் உங்களோடதுதான் அக்கா. ஆனா ஒரு சின்னச் சிக்கல். பல் டாக்டரோட வார்டு சுகாதார மசோதாவுலயும் உங்க கையெழுத்து இருக்கே."

"இருக்கட்டுமே. அவையில எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர்."

"அதுல ஒன்பதாம் பிரிவு, வார்டுல நோயாளியைத் தவிர வேற யாரும் தங்கக் கூடாதுன்னு சொல்லுது."

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டினார். பேனாவுக்கு முன்னால் கண்ணாடியை எடுத்தது அன்றுதான்.

"ஒண்ணுல இருந்து பேரை எடுத்துடுங்க. இல்லேன்னா குழுவுல சிரிச்சுட்டு உங்களோடதை ஓரங்கட்டிடுவாங்க. இந்தத் தடவை போச்சுன்னா போச்சுதான்."

எடுப்பது சுலபமில்லை. எழுதிக் கொடுத்தால் செல்லாது. அவையில் எழுந்து நின்று, மசோதாவுக்குச் சொந்தக்காரர் காதுபடச் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் கையெழுத்து போட்ட இடத்திலேயே இருக்கும்.

* இந்த இடத்தில் 'கல்யாணம் மாதிரி' என்று எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னாள். அவள் ஆட்சேபித்ததால் வரி இருக்கிறது.

4

பல் டாக்டரை முதலில் வில்லனாகத்தான் செய்தேன். 'மருத்துவமனை முதலாளிகள் கொடுத்த கனத்த உறை அவர் பைக்குள்' என்றுவரை வந்து நிறுத்திக்கொண்டேன். எதிரே நிற்பவன் ஏமாற்றுகிறான் என்று நினைப்பது சந்தையில் தற்காப்பு. கதையில் அது சோம்பேறித்தனம். அக்காவின் கடைவாய்ப் பல்லைக் காசு வாங்காமல் பிடுங்கியவர் இவர். ஆகவே அவருக்கு ஒரு தங்கையைக் கொடுத்தேன். பார்க்க வந்த யாரோ கொண்டுவந்த தொற்று ஒட்டிக்கொண்டு, வார்டிலேயே இறந்துபோன தங்கை. கொடுத்த பிறகு அவரைத் திட்ட எனக்கு நா எழவில்லை.

அக்காவுக்கும் எழவில்லை. வீட்டில், சாப்பிடும்போது கேட்டார்: "ஏங்க, பேசாம என் மசோதாவையே திரும்ப வாங்கிக்கட்டுமா?"

"வாங்கிக்கோ. எனக்கென்ன, நான் தண்ணி குடிச்சாச்சு."

பிறகு வீட்டுக்காரரே தட்டைத் தள்ளிவைத்தார். "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் கிடந்தாரில்ல? அவர் குடிச்சாரான்னு தெரியல."

மறுநாள் அவைக்கு வெளியே தாழ்வாரத்தில் அக்கா டாக்டரை நிறுத்தினார்.

"டாக்டரே, இன்னைக்கு நான் எழுந்து நிக்கப் போறேன்."

"தாராளமா நில்லுங்க. பல்லு வலியா?"

"உங்க மசோதாவுல இருந்து பேரை எடுக்கப் போறேன்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "இப்பத்தான் படிச்சீங்களாக்கும்."

"நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னு இருந்துட்டேன்."

"தப்பா எழுதலையே அக்கா."

"தெரியும். என்னோடதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

டாக்டர் கீழே பார்த்தார். "நாற்காலின்னு போட்டிருந்துச்சு. மரச்சாமான் சம்பந்தமா ஏதோன்னு விட்டுட்டேன்."

5

அக்கா எழுந்து சொன்னார். குரல் அவருக்கே கேட்கவில்லை. சபாநாயகர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொல்வதுதான் கஷ்டம்.

"ஆட்சேபணை உண்டா?"

அவை முழுவதும் பல் டாக்டரைப் பார்த்தது. 'அவர் மெல்ல எழுந்து' – இல்லை, எழ முடியாது. விலக்கிக்கொள்ளப்பட்டது என்று பட்டியல் முன்பே சொல்லிவிட்டது. பிறர் வாயைத் திறக்க வைத்தே பிழைத்த மனிதர் தன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா உட்காரும்போது, அக்காவின் இருக்கையில் கிடந்த தன் பையை மட்டும் டாக்டர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

6

நல்ல சரக்கை முதலில் காட்டக் கூடாது; கல்லாவுக்கு அடியில் ஒன்று வைத்திருக்கிறேன்.

இணையதளத்தில் அக்காவின் அந்த ஒரே மசோதாவைத் திறந்தால், உடன் கையெழுத்திட்டவர் ஒருவர் உண்டு. ஒருவர்தான். அவர் கையெழுத்திட்டது, அக்கா எந்த நாளில் தன் கையெழுத்தை விலக்கிக்கொண்டாரோ அதே நாள். ஆள், எந்த மசோதாவிலிருந்து அக்கா விலக்கிக்கொண்டாரோ அதன் சொந்தக்காரர். தன் மசோதாவையும் அவர் கைவிடவில்லை. அக்கா படிக்காமல் செய்த பிழையை அவர் படித்துவிட்டுச் செய்திருக்கிறார்.

"பேரம்தான், வேறென்ன" என்றான் மச்சான்.

பேரம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும். டாக்டருக்கு என்ன கிடைத்தது? திருப்பித் திருப்பிப் பார்த்தேன், லாபம் பிடிபடவில்லை. மனைவிதான் சொன்னாள்: "அந்தத் தங்கச்சிக்குத் தொத்துன்னு தெரிஞ்ச பிறகு பக்கத்துல யாரையும் விட்டிருக்க மாட்டாங்க. தனியாத்தான் கிடந்திருக்கும்."

"தங்கச்சியே என் கற்பனைடி."

"உண்டாக்கினது நீங்கதானே? அப்போ அது எப்படிச் செத்துச்சுன்னும் நீங்கதான் யோசிக்கணும்."

யோசித்ததிலிருந்து இந்தக் கதை என் கையை விட்டுப் போய்விட்டது.

7

முடிவு எழுத உட்கார்ந்தேன். அதே செயலக அதிகாரி இப்போது டாக்டரின் அறையில் நிற்கிறார். உட்காரவில்லை. "ஒண்ணுல இருந்து பேரை எடுக்கணும் சார்."

டாக்டர் அவைக்குள் வருகிறார், எழுந்து நிற்கிறார். எதிலிருந்து எடுக்கிறேன் என்று சொல்ல வாய் திறக்கிறார். ஒரு பக்கம் தங்கை செத்த காரணம், மறு பக்கம் தங்கை செத்த விதம். பக்கத்து இருக்கையில் அக்கா, கண்ணாடியோடு. இணையதளத்தில் இரண்டு மசோதாவுக்கும் எதிரே இன்றுவரை 'பரிசீலனையில்' என்றுதான் இருக்கிறது. எனக்கும் அதற்குமேல் தெரியாது.

ஆனால் விதி நினைவிருக்கிறதல்லவா, ஒரே ஒருவர் போதும், கையெழுத்து போட்ட இடத்திலேயே இருக்கும். அவையில் உங்களுக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கிறேன். டாக்டர் சொல்லி முடித்துவிட்டார். சபாநாயகர் உங்கள் பக்கம் பார்க்கிறார்.

ஆட்சேபணை உண்டா?