வீட்டில் நடந்தது

அவசரப் பிரிவு வாசலில் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. அவள் உட்காரவில்லை. உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன், கரையில் போட்ட மீனாக மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "சமீபத்துல ஆபரேஷன், எலும்பு முறிவு ஏதாவது?"

"இல்லம்மா."

"குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையுற வியாதி? சிகரெட்?"

"உசரத்துல பத்த வச்சா பாதிய காத்தே குடிச்சிடுதுன்னு அதையும் விட்டுட்டாரு. கட்டடத்துல கிரேன் ஓட்டுறாரும்மா. காலையில ஏறினா பொழுது சாஞ்சாதான் இறங்குவாரு."

"அவ்வளவு நேரமும் குடிக்கத் தண்ணி?"

அவள் தலை குனிந்தாள். "குடிச்சா ஒண்ணுக்கு இறங்கணுமே. இறங்கி ஏற முக்கா மணி நேரம். அதுவரைக்கும் கீழ அறுபது பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். வேலை நாள்ல தொண்டைய நனைக்க மாட்டாரு. ஒட்டகம்னுதான் கூப்பிடுவாங்க."

அந்தப் பேரை ஒருநாள் கம்பெனிக் கூட்டத்தில் மைக்கில் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் அவனுக்கு அரை டம்ளர் தண்ணீர்தான். மூன்று நாளாக இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகக் கிடந்தது. "அலுப்புதான்டி, உருவிவிடு" என்றான். இன்று விடிகாலையிலும் எண்ணெய் போட்டு உருவினாள். வேலைக்குக் கிளம்ப எழுந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான்.

"கால்ல ரத்தம் கட்டி, அது கிளம்பிப் போய் நுரையீரல்ல அடைச்சிருக்கு."

"நான் உருவினதாலயாம்மா?"

டாக்டரம்மா அவள் கையைப் பார்த்தார். "வீங்கின காலை உருவக் கூடாது, கட்டி நகர்ந்திடலாம். ஆனா அது கட்டினது உங்க கையால இல்ல. தண்ணியில்லாம, அசையாம உக்காந்தே கிடந்தா கட்டும்."

அவர் உள்ளே போனதும், தூணோரம் நின்ற கம்பெனி சூப்பர்வைசர் ஒரு அறிக்கைத் தாளோடு வந்தார். "வீட்டில் மனைவி கால் உருவியபின் மயக்கம்" என்று படித்துக் காட்டினார். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே, தங்கச்சி? கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"கிரேனப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

"அவன் கிரேன்ல விழலையே."

"விழல. மூணு வருஷமா அதுல உக்காந்துதான் ரத்தம் கட்டியிருக்கு. வேலையால வந்ததுன்னு எழுதுங்க. அப்பத்தான் எந்திரிச்சு வர்றவரைக்கும் கம்பெனி வைத்தியம் பாக்கும், வேலையும் போகாது."

"அத எழுத நான் என்ன டாக்டரா?"

"அப்ப நான் மட்டும் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. அதுவரை பக்கத்தில் நின்றுவிட்டுக் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய ஆளை நிறுத்தினார். "அண்ணே, இந்தம்மா கால உருவினேன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சு சார்."

"சாட்சிக்கு ஒண்ணு போட்டுடுங்க."

அந்த ஆள் கையைக் கால்சட்டையில் துடைத்தான். ஸ்ட்ரெச்சர் நகராமல் சக்கரத்தை மிதித்துக்கொண்டு, அதன் மேலேயே தாளை விரித்தான்.

"எங்க சார் போடணும்?"

விரல் காட்டிய இடத்தில், படிக்காமல் போட்டான்.