மூன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில், சர்வர் படுத்துவிட்ட ஒரு புதன்கிழமை, கண்ணால் திருடியது. நான் போனது என் சொந்த வில்லங்கச் சான்றிதழுக்கு. இப்ப வரும், இப்ப வரும் என்று மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே ஆதாரம் எழுதும் அறை ஒன்று. (இந்தப் பக்கம் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். அதை எழுதிப் பிழைப்பவர் ஆதாரமெழுத்துக்காரர்.) அங்கே ஒரு பெண்மணி ஒரே தாளை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. என்ன படித்தார்கள் என்று காதில் விழவில்லை, எழுந்து போய்க் கேட்கிற துணிச்சலும் எனக்குக் கிடையாது. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. தப்பிருந்தால் என்னைத் திட்டுங்கள், அந்த அம்மாளை விட்டுவிடுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: "அலுவலக வாசலில் நின்ற புளியமரத்தடியில், வானத்தை வெறித்தபடி வள்ளியாத்தாள்

இதை இங்கேயே நிறுத்திவிட்டேன். அங்கே புளியமரம் கிடையாது. பைக் நிறுத்துகிற தகரக் கொட்டகைதான் உண்டு. கதைக்கு ஒரு மரம் இல்லாவிட்டால் எப்படி என்று நானே நட்டது. வானத்தை வெறிக்க அவளுக்கு நேரமும் இல்லை, சாயங்கால ஷிப்டுக்கு மில்லில் இருக்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "உறவுக்கும் உரிமைக்கும் நடுவே ஓடுகிற மெல்லிய கோடு

யாராவது கை தட்டிவிடப் போகிறார்களே என்று பயந்து இதையும் விட்டேன்.

கடைசியில் பத்திரக்காரர்கள் வழிக்கே வந்தேன். அவர்கள் மரத்தையும் வானத்தையும் தேடுவதில்லை. யார், யாருக்கு, எது. வள்ளியாத்தாள், வயது ஐம்பத்து மூன்று, பிறந்தது வடகரப்பதிப் பக்கம், இப்போது பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு கயிறு மில்லில் மேஸ்திரி. அவள் தம்பி பூபதிராஜா, வயது ஐம்பது, விவசாயம். இருவருக்கும் தகப்பன் அர்த்தநாரி, காலமாகிவிட்டார். அம்மா அவருக்கும் முன்னாலேயே போய்விட்டாள். அர்த்தநாரி இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தென்னந்தோப்பு முழுவதையும் மகன் பெயருக்கு எழுதி வைத்தார். மகளுக்கு ஒரு மட்டைகூட இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் அவள் தன் இஷ்டப்படி ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

இப்போது தோப்பு விலைக்கு வருகிறது. வாங்குகிற கோயம்புத்தூர்க்காரரின் வக்கீல் பழைய ஆதாரங்களைத் துருவிப் பார்த்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கிணறு இருக்கிற பதினாலு சென்ட் வேறு சர்வே நம்பராம். அர்த்தநாரி எழுதியதில் அது இல்லவே இல்லையாம். விட்டுப்போனது இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி. கிணறு இல்லாத தோப்பைக் கோயம்புத்தூர்க்காரர் எதற்கு வாங்குகிறார்? இத்தனை வருஷம் ஒரு நல்லது பொல்லாததுக்கும் கூப்பிடாத தம்பிக்கு அக்காளின் போன் நம்பர் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. கிணற்றைத் தம்பிக்கே விட்டு ஒரு பாகப் பத்திரம், அதில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டார்.

3

இந்த இடத்தில் எனக்கும் வள்ளியாத்தாளுக்கும் ஒத்துவரவில்லை. அவள் முறுக்கிக்கொள்ள வேண்டும், இப்பத்தான் அக்கா கண்ணுக்குத் தெரிஞ்சாளா என்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பது என் ஆசை. நாலு வார்த்தையையும் நன்றாகவே எழுதினேன். அவள் வாயில் அது நிற்கவில்லை. சரி, புதன்கிழமை வர்றேன் என்று போனை வைத்துவிட்டாள்.

[இந்த இடத்தில் "அவள் கண்களில் நீர் தளும்பியது" என்று இருந்தது. அடித்தாயிற்று. ஐம்பது பெண்களை வேலை வாங்குகிற மேஸ்திரி, போனைக் கீழே வைக்கிறபோதெல்லாம் அழுதால் மில் ஓடுமா?]

அவளுக்குக் கிணறு வேண்டியிருக்கவில்லை. வேண்டியது வேறு. தகப்பன் எழுதிவைத்த வருஷம் தம்பி ஆள்விட்டுச் சொன்னது அவளுக்கு இன்னும் நெஞ்சில் இருந்தது. அய்யன் உங்க பேரையே எடுக்கலை என்று. கோபத்தை அவள் புரிந்துகொள்வாள், அவளுக்கே அது தகப்பன் வழியில் வந்ததுதான். இன்ன காரணத்தால் என் மகளுக்குக் கொடுக்கவில்லை என்று நாலு பேர் அறியத் திட்டி எழுதியிருந்தாலும் பொறுத்திருப்பாள். பேரையே எடுக்காதது அவளை அரித்தது. பிறந்த ஊட்டில் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டதே.

ஆகவே அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு முன்னால் அய்யன் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டவேண்டும். பூபதிராஜா முனகினார். வாங்குகிறவர் காரில் வந்துகொண்டிருந்ததால் சரி என்றார். தன்னிடமிருந்த அசல் வக்கீலிடம் போயிருக்கிறது, வேண்டுமானால் நகல் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, காருக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்குப் போனார்.

4

ஆதாரத்தின் நம்பர் வள்ளியாத்தாளுக்குத் தெரியாது. தேதியும் தெரியாது. தன் மூத்த பையன் பிறந்த மாசம் என்பது மட்டும் தெரியும். நம்பர் இல்லாமல் எப்படிச் சேச்சி என்று அலுவலகத்து கிளார்க் சிஞ்சு தலையில் கை வைத்தாள். ஆனாலும் நல்ல பெண். சர்வர் வருகிறவரைக்கும் சும்மா இருப்பதற்குப் பதில் பழைய அட்டவணைப் புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினாள். அந்த மாசம் மூன்று அர்த்தநாரிகள் நிலம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் கோயிலுக்கு, ஒருவர் பெண்டாட்டிக்கு, ஒருவர் மகனுக்கு. மூன்றாவது ஆளின் தகப்பன் பேரைச் சிஞ்சு திக்கித் திக்கிப் படித்தபோது, அதுதானுங்க என்றாள் வள்ளியாத்தாள். ஒரு மணி நேரத்தில் நகல் கைக்கு வந்தது.*

நகல் முழுக்க மலையாளம். அவள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். எதிர் அறைக்குக் கொண்டுபோய் அஷ்ரஃபிடம் நீட்டினாள். பாகப் பத்திரத்தை எழுதப்போகிறவரும் அவர்தான், அந்தப் பழைய ஆதாரத்தை எழுதியதும் அவருடைய தகப்பனார் முகம்மது குட்டிதான். அஷ்ரஃப் மலையாளத்தைக் கண்ணால் பார்த்து வாயால் தமிழாக்கிப் படித்தார். சர்வே நம்பர், நான்கு எல்லை, தென்னை எத்தனை, எல்லாம் வந்தது. மூன்று பக்கமும் முடிந்தது. மகள் என்ற சொல் வரவில்லை. வள்ளியாத்தாள் தலையாட்டிவிட்டுத் தாளை மடிக்கக் கை நீட்டினாள்.

இருங்க்கா, கீழே குறிப்பு ஒண்ணு கிடக்குது என்றார் அஷ்ரஃப்.

"மூன்றாம் பக்கம் ஒன்பதாம் வரியில், 'மகள் வள்ளியாத்தாளுக்கும்' என்று எழுதியது அடிக்கப்பட்டிருக்கிறது."

பக்கத்தில் ஒரு கையெழுத்து. அந்தத் தாளிலேயே அவளால் தானாகப் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். அர்த்தநாரி. தமிழில்.

* நிஜத்தில் நகல் இவ்வளவு சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். என் கதையால் அந்த அலுவலகத்துக்குக் கிடைக்கிற நல்ல பெயரைக் கெடுப்பானேன்.

5

பத்திரக்காரர்களிடம் நான் பொறாமைப்படுகிற விஷயம் இது. அவர்களால் எதையும் திருட்டுத்தனமாக அடிக்க முடியாது. எந்தப் பக்கம், எந்த வரி, என்ன சொல் என்று கடைசியில் ஒப்புக்கொண்டு, எழுதிக் கொடுக்கிறவர் கையெழுத்தும் வைக்கவேண்டும். நான் இந்தக் கதையில் எத்தனை அடித்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? காட்டியது நாலு. காட்டாதது நாற்பது.

யார் அடிக்கச் சொன்னது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) மகளுக்கும் என்று அர்த்தநாரிதான் சொன்னார். பக்கத்தில் நின்ற மகன் முகம் சுருங்கியது. தகப்பன் மனசு மாறினார்.

ஆ) அர்த்தநாரி தானே சொல்லி, தானே கோபம் வந்து, தானே அடித்தார். எனக்குப் பிடித்தது இதுதான். என் அப்பாவும் அந்த ரகம்.

இ) அர்த்தநாரி

மூன்றாவதைப் பூபதிராஜாவே வந்து சொல்லிவிட்டார். காரை நிறுத்த இடம் காட்டிவிட்டு உள்ளே நுழைந்தவரிடம் அக்காள் தாளை நீட்டி, பேரையே எடுக்கலைன்னயே தம்பி என்று மட்டும் கேட்டாள். அவர் குறிப்பைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அய்யன் எடுக்கலீங்க்கா. முகம்மது குட்டி பாய்தான் மகனுக்கும் மகளுக்கும்னு பழக்கத்துல எழுதிப்போட்டாரு. படிச்சுக் காட்டறப்பத்தான் அய்யன் கேட்டாங்க. அடிக்கச் சொல்லிப்போட்டாங்க."

இது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அவளை நினைத்தது தகப்பன் இல்லை, கூலிக்கு எழுதிய ஒரு மனிதரின் கைப்பழக்கம். பொய்யாகவும் இருக்கலாம், பழி தன் மேல் வராவிட்டால் சொல்கிறவருக்கு ஒரு கிணறு லாபம். அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் இன்று உயிரோடிருப்பது அவர் ஒருவர்தான். அவரைப் படைத்தவன் நான், எனக்கே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? உங்க அத்தா அப்படிப் பழக்கத்தில் எழுதுவாரா என்று வள்ளியாத்தாள் அஷ்ரஃபைக் கேட்டாள். அத்தா ரெண்டு மாதிரியும் செய்வாருங்க என்றார் அஷ்ரஃப். அவர் தொழிலுக்கு ஏற்ற பதில்.

அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். இன்னொரு தடவை என்றாள்.

6

பாகப் பத்திரத்தை அஷ்ரஃப் கம்ப்யூட்டரில் அடித்துத் தயாராக வைத்திருந்தார். கிணறும் பதினாலு சென்டும் பூபதிராஜாவுக்கு. சர்வர் வந்துவிட்டது என்று சிஞ்சு அலுவலக ஜன்னலிலிருந்து கை காட்டினாள். பூபதிராஜா பேனாவின் மூடியைக் கழற்றி அக்காளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஏனுங்க பாய், இதைக் கையில எழுதுங்க. கிணறு வர்ற வரியில பூபதிராஜாவுக்கும் வள்ளியாத்தாளுக்கும்னு எழுதுங்க. எழுதிப்போட்டுப் பேனாவ என்ற கையில குடுங்க."

அஷ்ரஃபுக்குப் புரியவில்லை. அப்படி எழுதினால் அடிக்கிற வரைக்கும் பங்கு உங்களுக்கும் இருக்குமே, வெளியே வாங்குகிறவர் காத்துக்கொண்டிருக்கிறாரே என்றார்.

"இருக்கட்டுங்க. இது பழக்கத்துல எழுதறதில்ல, நாஞ்சொல்லி எழுதறது. எங்கய்யன் சொன்னாரோ, பாய் எழுதினாரோ, இவன் பக்கத்துல நின்னானோ, யாரு அடிச்சதுன்னு இனி எனக்குத் தெரியப்போறதில்ல. இந்தவாட்டி அடிக்கிறதுன்னா நானே அடிச்சுக்கறேன்."

பூபதிராஜா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அஷ்ரஃப் மேசை டிராயரிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து கையால் எழுத ஆரம்பித்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்தது இந்த நேரமாகத்தான் இருக்கவேண்டும். என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் வில்லங்கச் சான்றிதழ் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்த அறையில் யாரும் இல்லை, காரும் இல்லை.

7

அவள் அடித்ததாக எழுதினேன். பெருந்தன்மை என்று நானே தலைப்புக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அடிக்காமல் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனதாக எழுதினேன். அது என் ஆசை, அவளுடையது இல்லை. இரண்டையும் நான்தான் அடித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

அவள் பேரை இன்னும் ஒருவன் அடிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் கதை முடியாமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்றால், அஷ்ரஃப் எழுதிய வரியைக் கீழே அப்படியே தருகிறேன். அடிப்பதும் விடுவதும் உங்கள் பாடு. அடித்தால் பக்கத்தில் உங்கள் பெயரை மறைக்காமல் எழுதிவிடுங்கள். அவள் மகளோ பேத்தியோ என்றைக்காவது இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, யார் அடித்தது என்று கேட்பாள்.

கிணறும் அதைச் சேர்ந்த பதினாலு சென்டும் பூபதிராஜாவுக்கும் வள்ளியாத்தாளுக்கும்