இருமலே இல்லாத பதிவு

வெண்கலத்துக்கு அந்தப் பெயர் குரலால் வந்தது. ரயில் நிலைய அறிவிப்பு முதல் சோப்பு விளம்பரம் வரை முப்பது வருடம் பேசிப் பேசி, தன் தொண்டையைத் தவிர உலகத்தில் உருப்படியான பொருள் வேறெதுவும் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அந்த அருமைத் தொண்டைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். பக்கத்துக்குப் பக்கம் இருமும்.

இருமல்களை வெட்டி எடுப்பதே ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பெண்ணுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. அதனால் அவள் பெயர் கத்தரி.

"அண்ணே, நேத்து ஒரே பாடத்துல நாப்பத்தோரு இருமல். இப்படியே போனா பாடத்தை வெட்டிட்டு இருமலை வெளியிடறதுதான் சுலபம்" என்றாள்.

மருத்துவ மாணவர்களுக்காக இருபது ஒலிப்பாடங்கள். முதல் பாடம் மூச்சுக்குழாயைப் பற்றியது. அதை மூன்று முறை பதிவு செய்தும் கரை சேரவில்லை. இன்று மாலைக்குள் சுத்தமாக வராவிட்டால் இருபதும் சகலைக்குப் போய்விடும் என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். அவரும் குரல் கொடுப்பவர்தான். அந்தக் குரல் வேகாத உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும் என்பது வெண்கலத்தின் கருத்து. ஆனால் மனிதர் இருமமாட்டார். சொந்தத்துக்குள் இப்படி ஒரு தோல்வியைக் கண்டால் வெண்கலம் எந்த விசேஷத்திலும் தலைகாட்ட முடியாது.

அதனால் அன்று காலை அவர் மனைவியின் கைப்பையில் கைவைத்தார். அவள் பல் மருத்துவமனையில் நர்ஸ். ஒரு பள்ளிக்கூட முகாமுக்காக எடுத்து வைத்திருந்த மரத்துப்போகும் ஸ்ப்ரே உள்ளே இருந்தது. பல் பிடுங்குமுன் ஈறில் ஒரு தடவை அடிப்பார்கள். வெண்கலம் கஞ்சத்தனம் பார்க்காத மனிதர். பதிவுக்கு முன்னால் தொண்டைக்குள் ஏழு தடவை அடித்துக்கொண்டார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஆங்காங்கே சில உணர்செல்கள் இருக்கின்றன. தண்ணீரோ அமிலமோ வழிதவறி உள்ளே வந்தால், அவை அதை அறிந்து பக்கத்து நரம்புக்குச் சேதி அனுப்புகின்றன. உடனே இருமல் கிளம்புகிறது. நுரையீரல் காப்பாற்றப்படுகிறது."

கம்பீரமாகத்தான் வாசித்தார். ஒரு வார்த்தையையும் காதில் வாங்கவில்லை. வாசிப்பதை மண்டையில் ஏற்றிக்கொண்டால் குரல் கெடும் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வாய் வெந்நீர் குடிப்பது அவர் வழக்கம். அன்றும் குடித்தார். பத்துப் பக்கம், பத்து வாய். ஒரு இருமல்கூட இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்தரி வேலையில்லாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. சகலையின் முகம் சுருங்குவதைக் கற்பனை செய்து இன்னொரு வாய் குடித்தார்.

இடைவேளையில் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, பையில இருந்த ஸ்ப்ரேயை எடுத்தீங்களா?"

"எடுத்தேன். அருமையான சரக்கு. ஒரு இருமல் வரல, தெரியுமா!"

"தொண்டையிலயா அடிச்சீங்க? ஐயோ! எதாவது குடிச்சீங்களா?"

"ஒரு சொம்பு வெந்நீர். ஏன்?"

"இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதீங்க. இதோ வந்துட்டேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள். முப்பது வருடத்தில் அவள் திட்டாமல் போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

அதற்குள் கத்தரி கதவைத் திறந்து ஓடி வந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அண்ணே, கடைசி மூணு பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். நீங்க மூச்சு இழுக்கிறப்பல்லாம் உள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம் வருது."

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் களகளவென்றது. இருமப் பார்த்தார். நாற்பத்தோரு தடவை கூப்பிடாமல் வந்தது, கெஞ்சிக் கேட்டும் வரவில்லை. அப்போதுதான் காலையில் தானே வாசித்த பாடம் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் முகத்தில் ஆக்சிஜனை மாட்டிவிட்டு, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காவலுக்கு இருந்தவங்களையெல்லாம் தூங்க வச்சிட்டு, வாசலையும் திறந்து விட்டிருக்கீங்க. மரத்துப்போனது தெளியட்டும். இருமல் வருதான்னு பார்ப்போம்."

மனைவி கட்டிலோரமாக உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி சுவரில் சாய்ந்து நின்றாள். இந்த மனிதர் ஒரு தடவை இருமிவிட மாட்டாரா என்று அவள் ஏங்கியதை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தது அது. கட்டில் குலுங்க, கண்ணில் நீர் தெறிக்க, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இருமினார். மனைவி வாய்விட்டு அழுதாள்.

"இருமுங்க. நல்லா இருமுங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த வார்த்தையை அவளிடமிருந்து கேட்க அவருக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். இருபது பாடங்களும் சகலைக்குப் போயின. அதை எல்லோரிடமும் பெருந்தன்மையாகச் சொன்னார். பெருந்தன்மையைத் தவிர கையில் வேறொன்றும் மிச்சமில்லை.

வீடு திரும்பிய மறுவாரம் சகலை வாசித்த முதல் பாடத்தைக் கத்தரி அனுப்பியிருந்தாள். குறை கண்டுபிடிக்கவென்றே தயாராக உட்கார்ந்து கேட்டார். அதே உருளைக்கிழங்குக் குரல். நாற்பது நிமிடம். ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை. முதலில் வயிறு எரிந்தது. முப்பதாவது நிமிடத்தில் எரிச்சல் நின்று பயம் பிடித்துக்கொண்டது. பாடம் முடிந்ததும் போனை எடுத்தார்.

"சகலை, உண்மையைச் சொல்லு. தொண்டையில எதாவது அடிச்சுக்கிட்டியா?"

"என்னண்ணே, வேலை கைய விட்டுப் போச்சுன்னு வயித்தெரிச்சலா?"

"அதெல்லாம் இருக்கு, இல்லேங்கல. தண்ணி கிண்ணி குடிச்சியா, அதைச் சொல்லு முதல்ல!"

சகலை சிரித்தார். குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியதோ என்னவோ, சிரிப்பு பாதியில் அறுந்து, லொக்கு லொக்கென்று இரும ஆரம்பித்தார். நிற்கவே இல்லை.

வெண்கலம் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, கடைசி இருமல் வரை கேட்டார்.

"அப்பாடா" என்றார்.